ஷெட்டில் விட்ட வண்டி: அரைகுறை வேலைக்கு யார் பொறுப்பு?

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் சான்ட்ரோ காரின் உற்பத்தியைத் தொடங்கியதும், ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிசான் கூட்டு ஆலையும் 2012-இல் டைம்லரின் பாரத்பென்ஸ் லாரி ஆலையும் 2013-இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் அடுத்தடுத்துத் திறக்கப்பட்டதும், ஏரியும் நெல்வயலுமாக இருந்த ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தை நாட்டின் முதன்மையான வாகன உற்பத்தி மண்டலங்களுள் ஒன்றாக மாற்றிவிட்டன. இன்றைய கார் ஆலைகளில் சக்கர நட்டு போன்ற முக்கியமான இணைப்புகளை முறுக்குவது 'நட் ரன்னர்' எனப்படும் மின்கருவி. 'டார்க்' என்று தொழிற்கூடங்களில் சொல்லப்படும் முறுக்குவிசை நிர்ணயித்த அளவை எட்டியதா என்பதை அந்தக் கருவியே அளந்து, எந்த வண்டியின் எந்த நட்டு எவ்வளவு விசையில் இறுக்கப்பட்டது என்பதைக் கணினியில் பதிந்துவைக்கிறது. அதே வண்டி சில ஆண்டுகள் கழித்துப் பழுதுபார்ப்புக்கு வரும்போது அதே நட்டு ஏர் கன்னாலோ, ஸ்பேனரின் பிடியில் இரும்புக் குழாயைச் செருகிக் காலால் மிதித்தோ இறுக்கப்படுகிறது. எவ்வளவு விசையில் இறுக்கப்பட்டது என்பது இறுக்கியவருக்கும் தெரியாது, வண்டிக்காரருக்கும் தெரியாது, பின்னால் வழக்கு என்று வந்தால் விசாரிப்பவருக்கும் தெரியாது. மோசமான பழுதுபார்ப்பைப் பற்றிய மனக்குறைகள் பெரும்பாலும் மெக்கானிக்கின் நாணயத்தைப் பற்றிய புலம்பலாகவே முடிந்துபோகின்றன என்றாலும், சிக்கலின் வேர் நாணயக்குறைவைவிட இந்தப் பதிவின்மையில்தான் ஆழமாக ஓடியிருக்கிறது.

தண்டலத்திலிருந்து பேரம்பாக்கம் நோக்கிச் செல்லும் சாலையில் உள்ள மண்ணூரைப் போன்ற ஊர்களில் ஓடும் வண்டிகள், ஷிப்டுக்குச் செல்பவரின் மோட்டார் சைக்கிளானாலும் ஆட்களை ஏற்றும் வேனானாலும் உதிரிபாகம் ஏற்றும் சிறு லாரியானாலும், ஒரு நாள் நின்றால் ஒரு நாள் வருமானத்தை இழக்க வைப்பவை. ஆகவே இரவு ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் ஷெட்டில் விடப்படும் வண்டி மாலைக்குள் ஓடியாக வேண்டும் என்பதே வாடிக்கையாளரின் முதல் நிபந்தனையாகவும், பல வேளைகளில் ஒரே நிபந்தனையாகவும் இருக்கிறது. "சத்தம் வருதுண்ணே, என்னன்னு பாருங்க" என்ற ஒரு வாக்கியத்தில் ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. எந்தப் பாகம் மாற்றப்படும், அது கம்பெனிப் பாகமா லோக்கல் பாகமா, செலவு எவ்வளவு ஆகும், அதே பழுது திரும்ப வந்தால் யார் பார்ப்பது என்பவற்றில் எதுவும் எழுதப்படுவதில்லை. வேலை முடிந்ததும் மொத்தமாக ஒரு தொகை சொல்லப்படுகிறது. அதில் சாமான் எவ்வளவு, லேபர் எவ்வளவு என்பது சொல்பவரின் மனக்கணக்கில் மட்டுமே இருக்கிறது. வண்டி ஒழுங்காக ஓடும்வரை இந்த வாய்மொழி ஏற்பாடு இரு தரப்புக்கும் வசதியானது என்பதையும், கைதேர்ந்த மெக்கானிக்குகள் பலர் இதை வைத்தே ஊரின் நம்பிக்கையை ஈட்டியிருக்கிறார்கள் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் வேலை சொதப்பிய பிறகு, நடந்தது என்ன என்று நிறுவுவதற்கு வண்டிக்காரரின் கையில் துண்டுச்சீட்டுகூட இருப்பதில்லை.

மரை போனது யார் கையில்?

அரைகுறை வேலை என்று பொதுவாகச் சொல்லப்படுவதில், பழுதே தன் சாட்சியைத் தாங்கி நிற்கும் வகையும், சாட்சியே இல்லாத வகையும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிவது வண்டிக்காரருக்கும் வழக்கை விசாரிப்பவருக்கும் இன்றியமையாதது. என்ஜின் ஆயில் மாற்றுவதற்காகப் பழைய ஃபில்டரைக் கழற்றும்போது, அதன் வாய்ப்பகுதியில் உள்ள வட்ட ரப்பர் வாஷர் சில வேளைகளில் ஃபில்டரோடு வராமல் என்ஜின் முகப்பிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அந்த இடத்தைத் துணியால் துடைத்துப் பார்த்தால் விரலுக்கே தட்டுப்படும் அந்த வாஷரைக் கவனிக்காமல், புதிய ஃபில்டரை அதன் மேலேயே முறுக்கிவிட்டால் இரண்டு வாஷர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்துவிடுகின்றன. ஷெட்டில் ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஓரிரு நிமிடங்களில் சொட்டுக்கூடக் கசியாமல் இருக்கலாம்; நெடுஞ்சாலையில் ஆயிலின் அழுத்தம் ஏறும்போது வாஷர் பிதுங்கி வெளியே வர, என்ஜினில் உள்ள ஆயில் சிறிது நேரத்திலேயே தார்ச்சாலையில் கொட்டிவிடும். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிவதைக் கவனிக்காமல் மேலும் ஓட்டினால் பேரிங்குகள் தேய்ந்து இறுகி என்ஜின் ஜாம் ஆகிவிடும். துணி எடுத்துத் துடைக்காத ஒரு கணத்தின் விளைவாக என்ஜினையே இறக்க வேண்டி வரும். இத்தனை பெரிய சேதத்திலும் வண்டிக்காரருக்குச் சாதகமான ஒன்று உண்டு: ஃபில்டரைக் கழற்றினால் இரண்டு வாஷர்களும் அங்கேயே இருக்கும், கடைசியாக ஃபில்டர் மாட்டியவர் யார் என்பதில் ஐயமே எழாது.

ஆயில் சம்ப்பின் அடியில் உள்ள வடிகால் போல்ட்டின் கதை இதற்கு நேர்மாறானது. சம்ப் அலுமினியத்தாலும் போல்ட் எஃகாலும் ஆன வண்டிகளில், ஒவ்வொரு சர்வீஸின்போதும் போல்ட் கொஞ்சம் கூடுதலாக இறுக்கப்பட்டால், மென்மையான அலுமினியத்தின் மரை சிறிது சிறிதாக நசுங்கிக்கொண்டே வந்து, ஏதோ ஒரு சர்வீஸில் போல்ட் பிடிப்பில்லாமல் சுழலத் தொடங்கிவிடும். அதற்கு முந்தைய நான்கு பேர் முரட்டுத்தனமாக முறுக்கியிருக்க, ஐந்தாவதாக நிதானமாகக் கைவைத்தவர்மேல் பழி விழுவது இத்தொழிலில் வாடிக்கை. மெக்கானிக்குகள் "ஏற்கனவே மரை போயிருந்துச்சு" என்று சொல்வதை வண்டிக்காரர்கள் சாக்குப்போக்காகவே எடுத்துக்கொள்கிறார்கள். பல சமயங்களில் அது உண்மையாகவும் இருக்கக்கூடும், உண்மையா இல்லையா என்று காட்டுவதற்குத்தான் வழியில்லை. வண்டியைப் பெற்றுக்கொள்ளும்போது இருந்த நிலையை நான்கு வரியில் எழுதி இருவரும் கையெழுத்திடும் 'ஜாப் கார்டு' என்னும் தாள், கம்பெனி சர்வீஸ் சென்டரில் வெறும் சடங்காகத் தோன்றினாலும், வண்டிக்காரரைக் காப்பதைப் போலவே நேர்மையான மெக்கானிக்கையும் காக்கிறது.

குறியீடு சொல்வதும் சொல்லாததும்

இதுவரை சொன்னவை கைப்பிழைகள். அறியாமையால் நேரும் பிழைகள் அண்மைக் காலத்தில் இவற்றைவிடப் பெருகியிருப்பதற்குக் காரணம் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ்–6 என்ற புகை உமிழ்வுத் தரம் கட்டாயமானபோது, மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் ஏறத்தாழ முற்றிலுமாக விடைபெற்று, எரிபொருளைக் கணினி அளந்து தெளிக்கும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் முறை வந்தது. காதால் கேட்டும் கையால் திருகியும் கார்புரேட்டரைச் சரிசெய்யப் பழகிய தலைமுறை, ஸ்கேனர் என்னும் கருவியைச் செருகிக் குறியீட்டைப் படிக்க வேண்டிய நிலைக்கு ஒரே நாளில் தள்ளப்பட்டது. குறியீடு நோயின் அறிகுறியைச் சொல்லுமே தவிர நோயைச் சொல்லாது என்பதுதான் இதில் உள்ள கண்ணி. காரில் பி0171 என்று ஸ்கேனர் காட்டினால், காற்றின் அளவோடு ஒப்பிட எரிபொருள் குறைவாக இருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். அதற்குக் காரணம் விரிசல் விட்ட ஒரு ரப்பர் குழாய் வழியாக உள்ளே புகும் காற்றாக இருக்கலாம், வலுவிழந்த பெட்ரோல் பம்ப்பாக இருக்கலாம், அடைபட்ட இன்ஜெக்டராகவும் இருக்கலாம். குறியீட்டைப் பார்த்தவுடன் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றிவிட்டு விளக்கை அணைத்து அனுப்பினால், சில நாளில் விளக்கு மீண்டும் எரியும். மலிவான ஒரு குழாய்க்காக விலையுயர்ந்த சென்சாருக்குப் பணம் போயிருக்கும். இது மோசடியா, அறியாமையா என்று வண்டிக்காரரால் பிரித்தறிய முடியாது; சட்டத்தின் கண்ணில் அவர் அதைப் பிரித்துக்காட்ட வேண்டிய தேவையும் இல்லை.

இந்த அறியாமையில் ஆலைகளுக்கும் பங்குண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் கணக்கு நேராகாது. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று பிறப்பித்த உத்தரவில், உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் தொழில்நுட்ப விவரங்களையும் தங்கள் அங்கீகரிக்கப்பட்ட டீலர்களுக்கு மட்டுமே கிடைக்கச் செய்து, வெளிமெக்கானிக்குகளை ஓரங்கட்டியதாக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அப்போது ஒரகடக் கூட்டு ஆலையில் பங்கு வைத்திருந்த நிசானும், மறைமலைநகரில் உற்பத்தி செய்துகொண்டிருந்த ஃபோர்டும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஹூண்டாய்க்கு 2015-இல் தனி உத்தரவு வந்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றதால் அபராதத் தொகை பற்றிய வழக்காடல் நீண்டுகொண்டே போனாலும், அந்த உத்தரவு வெளிக்கொணர்ந்த ஏற்பாடு கவனத்துக்குரியது: கார் நிறுவனத்துக்குப் பாகம் செய்து கொடுக்கும் சப்ளையர்கள், நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் அதே பாகத்தை வெளிச்சந்தையில் விற்க முடியாதபடி பல ஒப்பந்தங்கள் கட்டுப்படுத்தின. அதாவது, இந்த மண்டலத்தின் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவர், தான் பகலெல்லாம் செய்து அனுப்பும் பாகத்தைத் தன் ஊர்க்கடையில் வாங்க முடியாமல் டூப்ளிகேட்டை மாட்டிக்கொள்ள நேரும் நிலைதான் அது. வெளியில் பழுதுபார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யக் கூடாது என்றும் ஆணையம் அதே உத்தரவில் கூறியது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் முன்னெடுத்த 'பழுதுபார்க்கும் உரிமை' முயற்சியில் வாகனத் துறை நான்கு துறைகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டதும் இந்தத் தொடர்ச்சியில் வைத்துப் பார்க்கத்தக்கது.

தையற்காரரின் கோட்டும் மெக்கானிக்கின் பற்றுரிமையும்

வண்டியை ஷெட்டில் விடுவது, 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, 'ஒப்படைப்பு' என்னும் உறவை உருவாக்குகிறது. ஒரு நோக்கத்துக்காகப் பொருளை ஒருவரிடம் ஒப்படைத்து, நோக்கம் நிறைவேறியதும் திரும்பப் பெறுவது என்பது அதன் பொருள். பெற்றுக்கொண்டவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளிடம் காட்டும் அக்கறையை அதனிடம் காட்ட வேண்டும் என்று 151-ஆம் பிரிவு கூறுகிறது. "வாகனங்கள் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்" என்று சுவரில் எழுதிவைத்துவிட்டால் இந்தக் கடமை கரைந்துபோய்விடும் என்பது பரவலான நம்பிக்கை. டெல்லி தாஜ்மஹால் ஹோட்டலில் 1998 ஆகஸ்டில் பணியாளரிடம் நிறுத்தக் கொடுக்கப்பட்ட மாருதி ஜென் கார் திருடுபோன வழக்கில், உச்ச நீதிமன்றம் 2019 நவம்பர் 14 அன்று அளித்த தீர்ப்பு அந்த நம்பிக்கையைப் பெரிதும் ஆட்டங்காணச் செய்தது. தன் பணியாளரின் கவனக்குறைவுக்கான பொறுப்பை அத்தகைய வாசகத்தைக் காட்டி ஹோட்டல் கைகழுவ முடியாது என்றும், ஒப்படைத்தது நிறுவப்பட்ட பின் விளக்கமளிக்கும் சுமை பெற்றுக்கொண்டவர்மேல்தான் விழும் என்றும் நீதிமன்றம் கருதியது. ஹோட்டலுக்குச் சொன்ன இந்த நியாயத்தை ஷெட்டுக்குச் சொல்ல முடியாது என்பதற்கு வலுவான காரணம் எதுவும் தென்படவில்லை.

கூலியைக் கொடுக்காமல் வண்டியை எடுக்க முடியாது என்று மெக்கானிக் சொல்வதற்கும் சட்டத்தில் இடமுண்டு. ஒப்படைத்த பொருளில் உழைப்பையோ திறமையையோ செலுத்தியவர் தன் கூலி கிடைக்கும்வரை அதைப் பிடித்துவைக்கலாம் என்னும் பற்றுரிமையை 170-ஆம் பிரிவு வழங்குகிறது. பட்டை தீட்டிய வைரத்தைப் பொற்கொல்லர் பிடித்துவைக்கலாம் என்றும், கோட்டு தைத்து முடித்ததும் கொடுத்துவிடுவதாகவும் கூலிக்கு மூன்று மாதத் தவணை தருவதாகவும் ஒப்புக்கொண்ட தையற்காரர் கோட்டைப் பிடித்துவைக்க முடியாது என்றும் சட்டமே எடுத்துக்காட்டு தருகிறது. ஆனால் இந்த உரிமை, ஒப்படைத்த நோக்கத்துக்கு இணங்கச் செய்த வேலைக்கு மட்டுமே உரியது. கிளட்ச் பார்க்கச் சொன்ன வண்டியில் கேட்காமலே கியர்பாக்ஸைப் பிரித்துப் போட்டுவிட்டு அதற்கும் கூலி கேட்பவருக்கு இந்தப் பிரிவு கைகொடுப்பது கடினம். 'பார்க்கச் சொன்னது எதை' என்பதை நிறுவ எழுத்து இருந்தால்தான் அந்த வாதம் நிற்கும். வண்டி உடனே வேண்டும், தகராறும் தீரவில்லை என்றால், பணத்தைக் கட்டிவிட்டுப் பில்லின்மேல் 'ஆட்சேபத்துடன் செலுத்தப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டு எடுத்துவருவதே விவேகம். அதை யூபிஐ வழியாகச் செலுத்தினால் தேதியும் தொகையும் பெறுநர் கணக்கும் தாமாகவே பதிவாகிவிடும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, ஒருவர் பணம் பெற்றுச் செய்யும் சேவையின் தரத்திலும் முறையிலும் உள்ள குறையைச் 'சேவைக் குறைபாடு' என்று வரையறுத்து, கவனக்குறைவையும் தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் அதனுள் சேர்க்கிறது. எனவேதான் மோசடியா அறியாமையா என்ற கேள்வி இங்கே முதன்மை பெறுவதில்லை. இலவசமாகச் செய்த உதவி இந்த வரையறைக்குள் வராது என்பதால், பணம் கொடுத்ததற்கான சான்று வழக்கின் முதல் படி. பில் கொடுக்காமலிருப்பதையே 'நியாயமற்ற வணிக நடைமுறை' என்று அதே சட்டம் வகைப்படுத்துகிறது; ஜிஎஸ்டி பதிவு இல்லாத சிறிய ஷெட் என்பது ஜிஎஸ்டி பில் தராததற்குக் காரணமாகலாமே தவிர, பில்லே தராததற்குக் காரணமாகாது.

வாடகைக்கு ஓடும் வண்டியின் உரிமையாளர் நுகர்வோரா என்னும் கேள்வி இந்தத் தொழில் மண்டலத்தில் அடிக்கடி எழக்கூடியது. கோவையின் பிஎஸ்ஜி தொழில் நிறுவனம் ஒரு தரப்பாக இருந்த லக்ஷ்மி என்ஜினியரிங் வழக்கில், உச்ச நீதிமன்றம் 1995 ஏப்ரலில் இதற்கு விடை தந்தது: பிழைப்புக்காகத் தானே ஓட்டும் ஆட்டோவையோ லாரியையோ வாங்கியவர் நுகர்வோர்தான், ஓரிருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது, முழுக்க ஆள்வைத்து ஓட்டி லாபம் ஈட்டுபவர் அந்த வரையறைக்கு வெளியே போய்விடுகிறார். ஆக, சொந்த வேனைத் தானே ஓட்டுபவருக்கு நுகர்வோர் ஆணையத்தின் கதவு திறந்திருக்கிறது. பத்து வேன் வைத்திருப்பவர் பெரும்பாலும் சிவில் நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டியிருக்கும்.

இரண்டாவது ஷெட்டுக்குப் போகும் முன்

வேலை சரியில்லை என்று தெரிந்ததும் ஆத்திரத்தில் வண்டியை வேறொரு ஷெட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துச் சரிசெய்துவிடுவதுதான் வண்டிக்காரர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. இரண்டாமவர் கைவைத்த கணத்தில் முதலாமவரின் பிழைக்கான சான்று அழிந்துவிடுகிறது. பிரிப்பதற்கு முன்பே கிலோமீட்டர் அளவும் கசிவும் பிழையான இடமும் தெரியும்படி படமும் வீடியோவும் எடுத்து, முதல் ஷெட்டுக்கு எழுத்தில் தெரிவித்து, சரிசெய்ய வாய்ப்பும் கெடுவும் கொடுத்து, அதன் பிறகு வாகனச் சேத மதிப்பீட்டாளரையோ ஆட்டோமொபைல் துறைப் பொறியாளரையோ கொண்டு பார்வையிட்டு அறிக்கை பெறுவது சரியான வரிசை. ஃபியட் கார் ஒன்றின் என்ஜின் சத்தம் குறித்த வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் சார்பற்ற தொழில்நுட்ப நிபுணரின் கருத்தைப் பொறுத்தே நிவாரணத்தை அமைத்தது என்பதிலிருந்து இத்தகைய அறிக்கையின் எடையை உணரலாம். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வதும் அவ்வளவே முக்கியம். அது காயலான் கடைக்குப் போய்விட்டால், மாற்ற வேண்டிய தேவை இருந்ததா, உண்மையில் மாற்றினார்களா என்ற இரண்டு கேள்விகளும் விடையில்லாமல் போய்விடும். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 1971-இல் இயற்றிய வாகனப் பழுதுபார்ப்புச் சட்டம், எஸ்டிமேட்டை எழுத்தில் கொடுத்து ஒப்புதல் பெறுவதையும், புதிய பாகமா பழைய பாகமா என்று பில்லில் குறிப்பதையும், கேட்டால் பழைய பாகத்தைத் திருப்பித் தருவதையும் கட்டாயமாக்கியது. ஜெர்மனியைப் போலப் பட்டறைக்கு 'மைஸ்டர்' தகுதி பெற்ற தலைமை வேண்டும் என்ற விதியை இங்கே கொண்டுவந்தால், ஐடிஐயில் இரண்டாண்டு மோட்டார் மெக்கானிக் படிப்பு இருந்தும் அது இல்லாமலே தொழில் கற்று நன்றாக வேலை செய்யும் பலரின் ஷெட்டை மூட வேண்டிவரும். கலிஃபோர்னிய விதிகளுக்குத் தேவைப்படுவதோ ஒரு கார்பன் தாள் வைத்த நோட்டுப் புத்தகம் மட்டுமே.

நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வதன் செலவு பலர் அஞ்சுவதைவிடக் குறைவானது. செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, வழக்கறிஞர் வைப்பதும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் முறையிட வேண்டும். மின்வழியிலும் தாக்கல் செய்யலாம், அதற்கு முன்பாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து பார்க்கலாம். புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்தின் ஆணையத்திலேயே முறையிட 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்திருப்பது, ஒப்பந்த வேலை முடிந்து மண்ணூரிலிருந்து திருநெல்வேலிக்கோ ஒடிசாவுக்கோ திரும்பிவிட்டவருக்குப் பெரிய ஆறுதல். ஆய்வுக்கூடச் சோதனை தேவைப்படாத வழக்குகளை மூன்று மாதத்திலும் தேவைப்படுபவற்றை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், அந்தக் கெடுவை நம்பித் திட்டமிடுவது அறிவுடைமை ஆகாது.

கிடைக்கும் நிவாரணத்தின் அளவையும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. மாருதி உத்யோக் நிறுவனம் தொடர்பான வழக்கில் 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், கிளட்ச் பழுதுக்காகக் காரையே மாற்றித் தர வேண்டும் என்ற கீழ் அமைப்பின் உத்தரவை ஏற்காமல், பழுதான பாகத்தை மாற்றித் தருவதே வாரண்டியின் கடமை என்று வரையறுத்தது. இதே அளவுகோலில் பார்த்தால் பழுதுபார்ப்பு வழக்கில் எதிர்பார்க்கத்தக்கது, வாங்கிய கூலியைத் திருப்பித் தருதல், பிழையைச் சரிசெய்யும் செலவு, அலைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் ஓரளவு இழப்பீடு ஆகியவையே. உத்தரவை நிறைவேற்றாதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க 72-ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆனால் தகரக் கூரையின் கீழ் இரண்டு ஹெல்பர்களை வைத்துக்கொண்டு தொழில் செய்பவரிடமிருந்து என்ஜின் விலையை ஒரே தவணையில் வசூலிப்பது தீர்ப்பில் எளிது, நடைமுறையில் அரிது. அதே சட்டத்தின் 37-ஆம் பிரிவு வழிசெய்யும் சமரசப் பேச்சு இத்தகைய வழக்குகளுக்கு ஏற்றதாக இருப்பது இதனால்தான்: இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் மூன்றாவது பட்டறையில் வேலையைச் செய்து முடிப்பது, சாமானின் விலையை ஒருவரும் லேபரை மற்றவரும் ஏற்பது, மீதியைத் தவணையாகத் தருவது என்று எழுதிக் கையெழுத்திட்டு ஆணையத்தின் முன் வைத்தால், அது ஆணையத்தின் உத்தரவாகவே பதிவாகிறது.